காலியாக இருந்தால், ஞாயிறாகவும் இருந்தால்

1

முதலில் ஒன்றை ஒத்துக்கொண்டு விடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியது இல்லை. ஒரு பெண் என் வீட்டு வாசலில், செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டு சொன்னது. சொல்லி முடித்துவிட்டு, "இத நீங்க கதையா எழுதிருங்க சார். ஆனா என் பேரு வேண்டாம்" என்றாள். சரி என்று விஜிலா என வைத்திருக்கிறேன். எங்கள் கடற்கரையில் தெருவுக்கு நாலு விஜிலா இருப்பதால் அது யாரையும் காட்டிக்கொடுக்காது.

என்னைப் பற்றியும் இரண்டு வரி சொல்லவேண்டும். தூத்துக்குடித் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவன். சிறுபத்திரிகைகளில் நாலைந்து கதைகள் வந்திருக்கின்றன. விஜிலா வேலை பார்க்கும் அலுவலகத்துக்கு அவ்வப்போது தமிழ் திருத்திக் கொடுப்பேன். அந்தப் பழக்கத்தில்தான் என்னிடம் வந்தாள். எழுத்தாளன் என்றால் பாரத்தை இறக்கி வைக்க ஓர் இடம் தெரிந்தவன் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது, பாவம்.

2

தொடக்கம் ஒன்று: "முத்துக்குளித்துறையின் நீலக்கடல் அன்று வழக்கத்துக்கு மாறாக—"

அடித்துவிட்டேன். முத்து எடுத்து எத்தனை காலமாயிற்று! இருந்தாலும் இந்தப் பக்கத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எவனுக்கும் முதலில் முத்துதான் வந்து தொலைக்கிறது. நான் இதை எழுதும் மாடியிலிருந்து பார்த்தால் தெரிவது அனல்மின் நிலையப் புகையும் உப்பு லாரியும்தான்.

தொடக்கம் இரண்டு: "ஜாய்சன் திரும்பி வரமாட்டான் என்று மட்டும் விஜிலாவுக்கு அன்றே தெரிந்திருந்தால்—"

தெரியாதே அய்யா! தெரியாத ஒன்றை வைத்து வாசிப்பவரை மிரட்டுவது மட்டமான வேலை. இதையும் விட்டேன்.

தொடக்கம் மூன்று: "விஜிலா கம்ப்யூட்டரில் ஒரு வரி எழுதினாள்."

இது போதும். நடந்ததும் அவ்வளவுதான்.

3

விஜிலா புள்ளியியலில் எம்.எஸ்சி. முடித்தவள், வயது இருபத்தெட்டு. தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு மீனவ ஊரில் பிறந்தவள். கடலுக்குப் போகிறவர்களின் பாதுகாப்புக்கென்று ஒரு திட்டம் வந்தபோது அதை நடத்திய அலுவலகத்தில் ஒப்பந்த வேலை கிடைத்தது. (எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். கதையில் இருப்பது நானாகக் கட்டி, நானாகப் பூட்டு மாட்டியது.)

ஏழெட்டு ஊர்களில் மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு நாட்டுப்படகுகள். கடலுக்குக் கிளம்பும்போது படகுக்காரர் ஒரு எண்ணுக்குப் போன் போட்டு 1-ஐ அழுத்த வேண்டும். கரைக்கு வந்துவிட்டாலும், அன்றைக்குப் போகவே இல்லை என்றாலும் பூஜ்யத்தை அழுத்த வேண்டும். அதெல்லாம் விஜிலாவின் கணினியில் ஒரு பெரிய கட்டத்தாளாக வந்து உட்காரும். வரிசைக்கு ஒரு படகு, பத்திக்கு ஒரு நாள். அதைத்தான் மேட்ரிக்ஸ் என்கிறார்கள். வீட்டுக் காலண்டரை இருநூறு வரிக்குக் கீழே இழுத்ததாக வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

கட்டத்தில் 1 என்றால் படகு கடலில் இருக்கிறது. 0 என்றால் கரையில் இருக்கிறது. எதையுமே அழுத்தவில்லை என்றால் அந்தக் கட்டம் காலி. அவள் பயன்படுத்திய கணினி மொழி காலிக் கட்டத்தை என்.ஏ. என்று காட்டும். எனக்குத் தெரியாது என்று கணினியே வாய்விட்டு ஒத்துக்கொள்கிற இடம் அது. மாலை ஆறு மணிக்கு எந்தெந்தக் கட்டம் காலியாக இருக்கிறதோ அந்த வீடுகளுக்கெல்லாம் அலுவலகத்திலிருந்து போன் போகும். ஆள் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை என்று தெரிந்தால் உடனே தேடச் சொல்லிவிடுவார்கள். நல்ல ஏற்பாடு, குறை சொல்ல முடியாது.

4

முதல் ஞாயிற்றுக்கிழமையே கோளாறு வந்தது.

எங்கள் கடற்கரைக் கத்தோலிக்க ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. அன்றைக்குப் பூசை, கறிக்குழம்பு, நல்ல தூக்கம். மீறிப் போகிறவனை ஊர்க் கமிட்டி கூப்பிட்டு நிறுத்தி வைத்து ஏசும். ஒரு மாதம் படகை இறக்காதே என்றும் சொல்லும். போகாத கடலுக்குப் போகவில்லை என்று எதற்குப் போன் போட வேண்டும்? ஒருத்தரும் போடவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு கட்டமும் காலியாகக் கிடந்தது. ஆறு மணிக்குப் போன் பேசும் பிள்ளைகள் இருநூற்றுப் பன்னிரண்டு வீட்டையும் கூப்பிட்டார்கள்.

அதில் ஒருத்தி சண்முகப்ரியா. ஏரலில் கடை வைத்திருப்பவரின் மகள். கடலை அவள் பார்த்ததெல்லாம் பஸ் ஜன்னலில்தான். அவளுக்குக் கிடைத்த ஏச்சு கொஞ்சநஞ்சம் இல்லை.

"ஞாயித்துக்கிழம எவம்ளா கடலுக்குப் போவான்? நாங்க என்ன வேதத்த விட்டவங்களா? வைளா போன!"

மூன்றாவது ஞாயிறு அந்தப் பிள்ளை அழுதுவிட்டது. "எங்கப்பா கடைல எத்தன பேரு வாராங்க, ஒருத்தர்கூட என்ன இப்படிப் பேசினது இல்லக்கா" என்று விஜிலாவிடம் வந்து மூக்கைச் சிந்தினாள்.

விஜிலா மேலாளர் சிவப்பிரகாஷிடம் போனாள். அவர் டவுன்காரர், வியாபாரக் குடும்பம், எதையும் இரண்டு தடவை யோசிக்கிறவர். "பிளாங்க்னா பிளாங்க்காவே இருக்கட்டும்மா. நாமளா எதுக்கு நிரப்பணும்?" என்றார்.

விஜிலா சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவள் என்னிடம் இரண்டு தடவை சொன்னாள். "சார், உங்களுக்கு எங்க ஊரப் பத்தித் தெரியாது. ஞாயித்துக்கிழம எங்க ஆளுக கடல்ல காலக்கூட நனைக்கமாட்டாங்க. நான் சொல்லுதேன்ல?"

அன்றைக்கே அந்த வரியை எழுதினாள். தமிழில் சொன்னால் இப்படி: கட்டம் காலியாக இருந்தால், கிழமை ஞாயிறாகவும் இருந்தால், அங்கே பூஜ்யம் போடு. ஒரே வரி. இருநூற்றுப் பன்னிரண்டு காலிக் கட்டமும் ஒரே நொடியில் பூஜ்யமாகிவிட்டன. எல்லாப் படகும் கரையில். சண்முகப்ரியாவுக்கும் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடைத்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த மக்ரூன் பொட்டலத்தை விஜிலா கையில் திணித்து, "நீங்க நல்லாருப்பீங்கக்கா" என்றாள்.

(இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். வெளியூர்க்காரி ஒருத்தி என்றால் இந்த வரியை எழுதியிருக்கவே மாட்டாள். காலி என்றால் காலி என்று விட்டிருப்பாள். இந்தத் தப்பைச் செய்வதற்கு அந்த ஊரிலேயே பிறந்து, அங்கேயே ஞானஸ்நானம் வாங்கியிருக்க வேண்டும்.)

5

ஜாய்சனை எப்படி உள்ளே கொண்டுவருவது என்று தெரியாமல் ஒரு வாரம் கிடந்தேன்.

முதல் படியில் அவனைக் குடிகாரன் ஆக்கினேன். அப்படி எழுதினால் அவன் செத்தது நமக்கு அவ்வளவாக வலிக்காது, அதனால் கிழித்தேன். இரண்டாவது படியில் ஊர்க் கட்டுப்பாட்டை எதிர்த்து நிற்கிற வீரன் ஆக்கினேன். விஜிலா வாசித்துவிட்டு, "அவங்க அப்படியெல்லாம் இல்ல சார். ரொம்பப் பயந்த மனுசன்" என்றாள். வீரனும் போனான்.

மிஞ்சியது இதுதான். முப்பத்தாறு வயது. மனைவி இன்பமணி. சனிக்கிழமை சாயங்காலம் வலை விரித்துவிட்டு வந்திருந்தான், புது வலை. ஞாயிறு இரவு பலத்த காற்று என்று எச்சரிக்கை வந்தது. வலையை அப்படியே விட்டால் காற்று உருட்டிக்கொண்டுபோய்ப் பாறையில் மாட்டிக் கிழித்துவிடும். முதல் பூசைக்குப் போய் நற்கருணை வாங்கினான். வீட்டுக்கு வந்து சட்டையை மாற்றினான்.

"யாரும் கேட்டா ஏரலுக்குப் போயிருக்கேன்னு சொல்லு. மத்தியானச் சோத்துக்கு வந்துருவேன்."

"இன்னிக்கிப் போணுமா? கமிட்டிக்குத் தெரிஞ்சா?"

"நீ சொன்னாத்தானளா தெரியும்."

போனில் அவன் ஒன்றை அழுத்தவில்லை. அழுத்தினால் அன்றைக்குக் கடலுக்குப் போனவர்களின் பட்டியல் ஊர்க் கமிட்டிக்கும் போகும். பூஜ்யத்தையும் அழுத்தவில்லை, பூசைக்குப் போய்விட்டு வந்த வாய்க்குப் பொய் வேண்டாம் என்று நினைத்திருப்பான். (இது என் ஊகம். அவன் ஏன் அழுத்தவில்லை என்று சொல்ல இனி ஆள் இல்லை. ஊகத்தை எடுத்துவிடலாமா என்று பார்த்தேன், எடுக்க மனம் வரவில்லை.)

மாலை ஆறு மணிக்கு விஜிலா எழுதிய வரி தானாக ஓடியது. ஜாய்சன் கரையில் இருப்பதாகக் கணினி எழுதிக்கொண்டது. விஜிலா அந்நேரம் தன் வீட்டில் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள்.

6

திங்கள் விடிந்ததும் இன்பமணி ஜாய்சனின் அண்ணன் ஆன்டனி வீட்டுக்கு ஓடி உண்மையைச் சொன்னாள். ஆன்டனி ஒன்பது மணிக்கு அலுவலகத்தில் வந்து நின்றார். சிவப்பிரகாஷ் திரையைப் பார்த்தார்.

"கரைலன்னுதான காட்டுது அண்ணே. நல்லா விசாரிச்சீங்களா? சொந்தக்காரங்க வீட்டுக்கு எங்கயாச்சும்…"

"என்னத்த விசாரிக்க? படகு கரைல இல்ல, ஆளு வீட்டுல இல்ல! ஒங்க பொட்டி சொல்லுததக் கேப்பியளா, நான் சொல்லுததக் கேப்பியளா?"

அந்தப் பேச்சில் ஒரு மணி நேரம் போயிற்று. காற்று அடங்காததால் தேடும் படகு மத்தியானத்துக்கு மேல்தான் இறங்க முடிந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு தீவுக்கு அந்தப்புறம் ஜாய்சனின் படகைக் கண்டார்கள். கவிழவில்லை. நங்கூரம் போட்டிருந்தது. எஞ்சின் மூடியைக் கழற்றி வைத்திருந்தான். வலையில் பாதி படகுக்குள் இருந்தது. காலியான தண்ணீர் கேன் ஒன்று உருண்டுகொண்டிருந்தது. அவன் மட்டும் இல்லை.

இந்தப் பத்தியை விஜிலாவிடம் வாசித்துக் காட்டினேன். "தண்ணி கேனு நான் சொல்லலையே சார்" என்றாள்.

ஆமாம், கேன் நான் போட்டது. எஞ்சின் நின்றுபோய், நங்கூரத்தைப் போட்டுவிட்டு, யாராவது வருவார்கள் என்று அவன் காத்திருந்தான் என்பது உங்களுக்கு உறைக்க வேண்டுமே என்று போட்டேன். எழுதும்போது பெருமையாகக்கூட இருந்தது. அவள் அப்படிக் கேட்டதும் வெட்கமாகப் போய்விட்டது. கேனை எடுத்துவிட்டு வாசியுங்கள். நங்கூரமும் எஞ்சின் மூடியும் உண்மை.

ஞாயிறு மாலை ஆறு மணிக்கு வெளிச்சம் இருந்தது. காற்று அப்போது கிளம்பவில்லை. அந்தத் தீவுக்குப் போக ஒரு மணி நேரம்தான் ஆகும் என்கிறார்கள்.

7

மூன்று வாரம் கழித்துச் சிவப்பிரகாஷ் விஜிலாவை அறைக்குள் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். அவரைக் கெட்டவராக எழுதினால் எனக்கு வேலை சுலபம். ஆனால் அந்த மனிதர் மூன்று வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று விஜிலா சொல்கிறாள்.

"ரிப்போர்ட் கேக்காங்கம்மா. அந்த ஒரு செல்ல மட்டும் மாத்திரு. ஜீரோன்னு இருந்தா கரைல இருக்கான்னு நாம சொன்னதா ஆயிரும். திரும்ப என்.ஏ. ஆக்கிரு. தகவல் வரலன்னு அர்த்தம். உள்ளதுதான?"

"அப்ப குடும்பம் சொல்லலன்னு ஆகுமே சார்."

"சொல்லலதான?"

அவரே தொடர்ந்தார்.

"நான் அன்னைக்கே சொன்னேன், நிரப்பாதன்னு" என்றார். கத்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னார்.

அவள் முன்னால் இருந்தது ஒரே ஒரு கட்டம். ஜாய்சன் படகின் வரிசை, அந்த ஞாயிறின் பத்தி. 0 என்று விட்டால் பொய். 1 என்று போட்டால் உண்மை. அது எப்படி 0 ஆயிற்று என்று கேள்வி வரும், இவள் எழுதிய வரி வெளியே வரும், வேலை போகும், ஊருக்குள் தலைகாட்ட முடியாது. என்.ஏ. போட்டால் இவள் தப்பித்தாள். பழி முழுக்க இன்பமணி தலையில் விழும்.

8

இந்த இடத்தில் நான் மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் விஜிலா நிமிர்ந்து உட்கார்ந்து 1 என்று தட்டுகிறாள். வாசித்தால் கைதட்டத் தோன்றும். நடக்காத ஒன்றுக்குக் கைதட்டு வாங்கி என்ன செய்ய?

இன்னொன்றில் இன்பமணி எல்லாம் தெரிந்துகொண்டு விஜிலாவைக் கட்டிப்பிடித்து அழுகிறாள், "நீ என்னளா செய்வ" என்று மன்னிக்கிறாள். எழுதி முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டேன். பிறகு யோசித்தால், மன்னிப்பதற்கு முதலில் விஷயம் தெரிய வேண்டுமே! தெரியாதவளை வைத்து மன்னிக்க வைத்திருக்கிறேன்.

மூன்றாவதில் விஜிலா கடற்கரை ஓரமாக நடந்து, தூரத்தில் ஒரு கப்பலின் விளக்கை—

சே.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

9

ஜாய்சனுக்காக வைத்த முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு விஜிலா இன்பமணி வீட்டுக்குப் போனாள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனாள். அறிக்கைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. இன்பமணி அவளை உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தாள். முதலில் பேசியது இன்பமணிதான்.

"நான் சொன்ன பொய்தானளா அவியளக் கொன்னுட்டு. அடுத்த வீட்டு அந்தோணியம்மா மயினி வந்து எங்க ஜாய்சன்னு கேட்டாவ. ஏரலுக்குன்னு சொன்னேன். அப்பமே உள்ளதச் சொல்லிருந்தா?"

"அப்படி நினைக்காதீங்கக்கா."

"ஊருக்குப் பயந்தேன். நானா வாயத் தொறந்து சொல்லப் பயம். ஆனா ஒண்ணுளா. சாயங்காலம் ஒங்க போனு வரும்லா, அதுல சொல்லிருவோம்னு இருந்தேன். கேட்டா பொய் சொல்லக் கூடாதுன்னு மாதாவுக்கு நேந்துக்கிட்டு போன மடியில வச்சிக்கிட்டே இருந்தேன். தகவல் இல்லைன்னா நாங்களே அழைப்போம்னு அதுல சொல்லுதாவல்லா, அத நம்பிட்டேன்."

('தகவல் இல்லாத படகுகளின் வீட்டுக்கு மாலை ஆறு மணிக்கு நாங்களே அழைப்போம்.' போனில் கேட்கும் பதிவுக் குரலுக்கு அந்த வாக்கியத்தை எழுதிக் கொடுத்தது நான். அலுவலகத்தார் கொடுத்த தமிழ் கரடுமுரடாக இருந்தது. 'தொடர்பு கொள்ளப்படும்' என்று வைத்திருந்தார்கள். ஆறுதலாக இருக்கட்டும் என்று நான்தான் 'நாங்களே' என்று மாற்றினேன்.)

இன்பமணி விஜிலாவின் முகத்தைப் பார்த்தாள். "நீ அங்கனதான வேல பாக்க. அன்னிக்கு ஏம்ளா போனு வரல?"

விஜிலா காப்பித் தம்ளரைக் கீழே வைத்தாள்.

"தெரியலக்கா" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். இரண்டு நாள் கழித்து அந்தக் கட்டத்தில் என்.ஏ. என்று போட்டாள். குடும்பத்தாரிடமிருந்து உரிய நேரத்தில் தகவல் வரவில்லை என்று அறிக்கை போயிற்று. ஆன்டனி அதன் நகலை வாங்கி இன்பமணிக்கு வாசித்துக் காட்டினார்.

10

"எழுதி என்னம்மா ஆகப்போகுது?" என்று வாசலில் நின்றவளிடம் கேட்டேன்.

"இன்பமணியக்கா கதைப் புக்கெல்லாம் வாசிக்கமாட்டாங்க சார். ஆனா வாசிச்சவங்க யாராச்சும் ஒருத்தர் அவங்ககிட்டச் சொல்லிருவாங்கள்ல?"

எனக்குக் கோபம் வந்தது. "உன் வீட்டுக்கு நாலு தெரு தள்ளித்தான் இருக்கா. நீயே போய்ச் சொல்லேன்" என்றேன். "நீங்க வந்து சொல்லுவீங்களா சார்?" என்றாள்.

இரண்டு ஞாயிறு ஊர்க் கோயிலுக்குப் போனோம், நானும் அவளும். இன்பமணி பூசைக்கு வருகிறாள், ஆனால் கோயிலுக்குள் போவதில்லை. தன் பொய்தான் புருஷனைக் கொன்றது என்று நம்புகிறவள், அந்த வாயோடு எப்படி உள்ளே போவது என்று பக்கவாட்டுக் கதவுக்கு வெளியே வெயிலில் நிற்கிறாள். சாமியார் வந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டார். அசையவில்லை. முதல் ஞாயிறு நாங்கள் இருபதடி தூரத்தில் நின்றுவிட்டுத் திரும்பினோம். இரண்டாவது ஞாயிறு நான் பக்கம் வரைக்கும் போனேன். அவள் நிமிர்ந்து பார்த்து, "யாரத் தேடுதிய அண்ணாச்சி?" என்று கேட்டாள். பஸ் ஸ்டாப் எங்கே என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

போன் ஏன் வரவில்லை என்று இப்போது உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியும், விஜிலாவுக்குத் தெரியும், சிவப்பிரகாஷுக்குத் தெரியும். அவளுக்கு மட்டும்தான் தெரியாது. எங்களால் முடியவில்லை, உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். இந்த ஞாயிறும் அவள் வெளியேதான் நிற்பாள்.